கூரை ரப்பர்தான், ஒழுகுவது ஓரம்

போன இதழில் டிரெய்லர் கேரவனின் (காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற, தங்கும் வசதியுள்ள வண்டி) டயர் பற்றி எழுதியதிலிருந்து, கூரையைப் பற்றிக் கேட்டுக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஏற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவற்றில் சிலதை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நாகலூர் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம் இருக்கிறது. விருந்தினர் தங்குவதற்காகப் பழைய டிரெய்லர் கேரவன் ஒன்றை வாங்கி மரத்தடியில் நிறுத்தியிருக்கிறோம். மேலே வெள்ளை ரப்பர் ஷீட். மழை பெய்தால் பக்கச் சுவரில் பால் வழிந்தது போல வெள்ளைக் கோடுகள் இறங்குகின்றன. கூரை கரைகிறதா? தோட்டத்து ஆள் தின்னர் போட்டுத் துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார். துடைக்கச் சொல்லட்டுமா?
— வாசகி, ஏற்காடு

பதில்: முதல் வேலையாக அந்தத் தின்னர் டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுங்கள் அம்மா. வெள்ளைக் கோட்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.

உங்கள் கூரையில் இருப்பது பெரும்பாலும் ஈபிடிஎம் என்கிற செயற்கை ரப்பர். கார் கதவைச் சுற்றி வரும் கறுப்பு பீடிங், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாம் இதே குடும்பம்தான். வெயில், மழை, காற்றில் இருக்கும் ஓசோன் எல்லாவற்றையும் வருஷக்கணக்கில் தாங்கும். தாங்காதது எண்ணெய். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர், டர்பன்டைன், அப்புறம் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்து 'இயற்கை கிளீனர்' என்று விற்கிறார்களே அதுவும் சேர்த்து, எது பட்டாலும் ரப்பர் அதை உள்ளே இழுத்து ஊதிக்கொள்ளும். துடைத்த அன்றைக்கு நன்றாக வெளுத்துத்தான் தெரியும். அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. பிறகு அந்த இடம் மெத்தென்று உப்பி, கீழே பிளைவுட்டோடு ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகும். அதற்கு மேல் அதைப் பழையபடி ஆக்க வழியில்லை, ஷீட்டை மாற்ற வேண்டியதுதான்.

வெள்ளைக் கோட்டுக்கு வருவோம். இந்த ஷீட் மேலே வெள்ளை, அடியில் கறுப்பு. மொத்தக் கனமே ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். மேல் வெள்ளை வெயிலில் மெல்ல மெல்லப் பொடியாகி உதிர்வது அதன் இயல்பு. அந்தப் பொடிதான் மழையோடு வழிகிறது, பயப்பட ஒன்றுமில்லை. உள்ளங்கையை ஈரமில்லாத கூரையில் ஒரு தரம் தேய்த்துப் பாருங்கள், சாக்பீஸ் பிடித்த வாத்தியார் கை போல வெளுத்தால் அது ஈபிடிஎம். சந்தேகமிருந்தால் உள்ளே போய்க் காற்றுப்போக்கியின் உட்சட்டத்தைக் கழற்றி, ஷீட்டின் வெட்டு ஓரத்தைப் பாருங்கள். அடிப்பக்கம் கறுப்பாக இருந்தால் உறுதி. அடியும் வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருந்து, மேலே பிளாஸ்டிக் மாதிரி வழுவழுப்பாக இருந்தால் அது டிபிஓ, வேறு ரகம். கழுவுகிற முறை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் சீலன்ட் (ஒழுகாமல் ஓரங்களை அடைக்கும் பசை) வாங்கும்போது எந்த ரகம் என்று தெரிந்திருக்க வேண்டும். மேலே வெள்ளை போய்க் கறுப்புத் திட்டுத் திட்டாகத் தெரிய ஆரம்பித்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

கழுவுவது எப்படி என்றால், பாத்திரம் தேய்க்கும் திரவம் கொஞ்சம், ஒரு வாளித் தண்ணீர், நீளக் கம்பில் மாட்டிய மென்மையான பிரஷ், ஹோஸ். இவ்வளவு போதும். கம்பி நார் வேண்டாம். கூரையைத் தொடுவதற்கு முன்னால் பக்கச் சுவர்களை நன்றாக நனைத்துவிடுங்கள், கூரையைத் தேய்க்கத் தேய்க்கக் கீழே ஒரு ஆள் சுவரில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கட்டும். வழிகிற பொடி சுவரில் காய்ந்துவிட்டால் அதை எடுப்பது தனி வேலையாகிவிடும். ஒரு மீட்டர் அளவு தேய், அலசு, அப்புறம் அடுத்த மீட்டர். வாட்டர் சர்வீஸ் கடையில் பீய்ச்சுகிற பிரஷர் கன்னைச் சீலன்ட் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது, அது ஓரத்தைக் கிளப்பி உள்ளே தண்ணீரை ஏற்றிவிடும். வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை கழுவச் சொல்வது வழக்கம். மரத்தடியில் நிற்கிற உங்கள் வண்டிக்கு, இலை சேர்ந்தபோதெல்லாம் துடைப்பத்தால் தள்ளுவதும் சேர்த்து.

இன்னொன்று. சோப்புத் தண்ணீர் பட்ட ரப்பர் கூரை மாதிரி வழுக்குகிற இடம் கிடையாது. முடிந்தவரை ஏணியில் நின்றபடியே நீளக் கம்பால் கழுவப் பாருங்கள். மேலே ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், காய்ந்த கூரையில், ஒரு பிளைவுட் துண்டைப் போட்டு அதன்மேல் முட்டி போட்டு இருக்கச் சொல்லுங்கள். ஏணியின் மேல்முனையில் பழைய துணியைச் சுற்றிக் கட்டுங்கள். தனியாக ஏற விடாதீர்கள்.

கேள்வி: எங்கள் கேரவன் மேல் பலா மரத்துப் பால் சொட்டிப் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கிறது. பலாப் பிசினுக்குத் தேங்காய் எண்ணெய்தானே கை கண்ட மருந்து? கூடவே, கூரையில் கறுப்பாகப் பாசி மாதிரி படர்கிறது.
— வாசகர், ஏற்காடு

பதில்: கைக்கும் கத்திக்கும் சரி, இந்தக் கூரைக்கு வேண்டாம். மேலே சொன்ன எண்ணெய்ப் பட்டியலில் சமையல் எண்ணெயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிசின் மேல் ஐஸ் கட்டியைக் கொஞ்ச நேரம் வைத்தால் அது இறுகி மொறுமொறுப்பாகும், அப்போது பிளாஸ்டிக் ஸ்கேல் மாதிரி மொண்ணையான எதையாவது வைத்து நெம்பினால் பெயர்ந்து வரும். முழுக்கப் போகாமல் கறை மிஞ்சினால் விட்டுவிடுங்கள். கறை ஒழுகாது.

எண்ணெய் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வண்டிக்குள் சமையல் நடக்கிறதா? அடுப்புக்கு மேலே இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் கூரை வழியாக வெளியே விடுகிற ரகமாக இருந்தால், அந்த மூடியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு விரலால் தடவிப் பாருங்கள். மீன் வறுவலும் பஜ்ஜியுமாக ஓடுகிற சமையலறையில் அந்த வட்டம் பழுப்பாக, கொஞ்சம் ஒட்டுகிற மாதிரி, அழுத்தினால் மற்ற இடத்தை விட மெத்தென்று இருக்கும். அங்கேதான் ஷீட் முதலில் கெடும். சோப்புத் தண்ணீரால் அந்த இடத்தை மட்டும் அடிக்கடி கழுவுங்கள். வறுவல் பொரியலை வெளியே ஒரு அடுப்பு வைத்துச் செய்வது இன்னும் நல்லது, ஏற்காட்டுக் குளிருக்கு அதுவும் சுகம்தான்.

பாசி விஷயம் இடத்தின் கோளாறு. 1,500 மீட்டரை ஒட்டிய உயரம், பனிமூட்டம், மேலே சில்வர் ஓக் நிழல், ரப்பர் காய்வதற்கே நேரமில்லை. மக்கிய இலைக்கு அடியில் ஈரம் நாள்கணக்கில் நிற்கும். ரப்பருக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை, சுற்றியிருக்கும் சீலன்ட்டுக்கும் அதற்குக் கீழே இருக்கும் மரச் சட்டத்துக்கும்தான் கெடுதல். வண்டிக்கு மேலே வருகிற கிளைகளைக் கழித்துவிடுங்கள், காற்றில் ஆடி உரசுகிற ஒரு குச்சி போதும் ஷீட்டைக் கிழிக்க. அப்புறம் வண்டியின் ஒரு முனையை ஜாக்கியில் கொஞ்சம் தூக்கி வையுங்கள், கட்டிலில் படுப்பவருக்குத் தெரியாத அளவு சரிவு இருந்தாலும் தண்ணீர் தேங்காமல் ஓடிவிடும்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு டிரெய்லர் கேரவன் வாங்கினேன். மழை வந்தால் படுக்கைக்கு நேர் மேலே சொட்டுகிறது. மேலே ஏறிப் பார்த்தேன், அந்த இடத்தில் ரப்பர் நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் தள்ளி விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். பஞ்சர் கடை அண்ணன் டியூப் பேட்ச் போட்டு ஒட்டித் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் எம்-சீல் போதும் என்கிறார். விற்றவர் சுற்றிலும் சிலிகான் வேறு அடித்து வைத்திருக்கிறார். எதைச் செய்வது?
— வாசகர், அம்மாபேட்டை

பதில்: தம்பி, மூன்றும் வேண்டாம். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் நாலாவதாக ஒருவர் வந்து தார் ஊற்றச் சொல்லுவார்.

டியூபும் ரப்பர், கூரையும் ரப்பர், அப்புறம் ஏன் ஒட்டாது என்று பஞ்சர் கடை அண்ணன் கேட்பது நியாயம்தான். ஆனால் அவர் தடவுகிற சொல்யூஷன் டியூப் ரப்பரோடு சேர்ந்து இறுகுவதற்காகச் செய்தது. ஈபிடிஎம் அதோடு அவ்வளவாகச் சேராது. போதாக்குறைக்கு அந்தச் சொல்யூஷனில் இருப்பது பெட்ரோல் வகைக் கரைப்பான், அது கிழிசலைச் சுற்றி ஷீட்டை ஊத வைத்துவிடும். எம்-சீல் கல்லாக இறுகும். கூரை வெயிலில் விரிகிறது, ராத்திரியில் சுருங்குகிறது, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவில் வண்டியை இழுத்துக்கொண்டு ஏறினால் மொத்தக் கூடும் முறுக்கிக்கொள்ளும். கல் மாதிரி இருப்பது இதற்கெல்லாம் வளைந்து கொடுக்காது, ஓரத்தில் மயிரிழை மாதிரி விட்டுவிடும். சிலிகான் இந்த ரப்பரில் நீண்ட நாள் நிற்காது. அதைவிடப் பெரிய தொல்லை, சிலிகான் பட்ட இடத்தில் அதற்கப்புறம் நல்ல சீலன்ட்டும் பிடிக்காது. அதனால் விற்றவர் அடித்துவைத்த சிலிகானைப் பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாக உரித்து எடுப்பதுதான் உங்களுக்கு முதல் வேலை. அரை நாள் ஆகும். அலுத்துக்கொள்ளாதீர்கள்.

கிழிசலுக்குப் பியூட்டைல் பசை வைத்த கூரை டேப் போதும். ஹார்டுவேர் கடைகளில் வாட்டர் ப்ரூஃப் டேப் என்று கிடைக்கிறது, ஈபிடிஎம்மில் ஒட்டும் என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைத்து, வெள்ளைப் பொடி கையில் வருவது நிற்கிற வரைக்கும் துடைத்து, அப்புறம் கிழிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலமாவது வருகிற மாதிரி டேப்பை வெட்டி ஒட்டுங்கள். டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டினால் பிறகு கிளம்பாது. உருளை இருந்தால் உருளை, இல்லாவிட்டால் ஒரு பாட்டிலைப் படுக்கப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி உருட்டுங்கள். இந்த டேப் ஒட்டுவதே அழுத்தத்தில்தான். டேப்பைச் சுற்றிக் கடைசியாக லாப் சீலன்ட்டை (கூரைப் பொருத்துகளின் ஓரத்தில் விடுகிற சீலன்ட்) ஒரு கோடு விட்டால் வேலை முடிந்தது.

ஆனால் உங்கள் படுக்கை மேல் சொட்டுவதற்கு அந்தக் கிழிசல்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. தண்ணீர் உள்ளே நுழைந்த பிறகு பிளைவுட் மேலேயே ஓடி, சட்டத்தைப் பிடித்து, ஒயர் போகிற ஓட்டையைப் பார்த்து இறங்கும். நுழைகிற இடத்துக்கும் சொட்டுகிற இடத்துக்கும் நடுவில் ஐந்தாறு அடி கூட இருக்கலாம். இந்த ரப்பர் கூரைகளில் ஷீட்டின் நடுவே தண்ணீர் இறங்குவது அபூர்வம். ஷீட்டை வெட்டி எதையெல்லாம் நுழைத்திருக்கிறார்களோ அங்கேதான் இறங்கும்: காற்றுப்போக்கி மூடி, கழிவறைக் குழாய், ஏசி, ஸ்கைலைட், ஆன்டெனா, அப்புறம் முன்னாலும் பின்னாலும் கூரை சுவரோடு சேர்கிற இடத்தில் ஓடுகிற அலுமினியப் பட்டை. ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளையாக மெழுகு ஊற்றிய மாதிரி இருப்பதுதான் லாப் சீலன்ட். அதை விரல் நகத்தால் லேசாக நெம்பிப் பாருங்கள். ஓரம் எழும்பினால், மேலே வெடிப்பு இருந்தால், ஸ்க்ரூ தலை எட்டிப் பார்த்தால், அதுதான் கதவு. உங்கள் படுக்கை வண்டியின் முன்பக்கம் என்றால் முன்னால் இருக்கும் பட்டையிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.

தேடுவதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒருவர் உள்ளே டார்ச்சோடு, ஒருவர் வெளியே ஹோஸோடு. தாழ்வான பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பொருத்தாக மெல்ல நனைத்துக்கொண்டே மேலே போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நனைத்தால் எது என்று தெரியாது. ஒவ்வொன்றுக்கும் சில நிமிடம் கொடுங்கள்.

சீலன்ட்டில் இரண்டு ரகம் உண்டு. மட்டமான இடத்தில் தானாகப் பரவிப் படிகிறது ஒன்று, சரிவிலும் சுவரிலும் வழியாமல் நிற்கிறது இன்னொன்று. மாற்றிப் போட்டால், தானாகப் பரவுகிற ரகம் ஜன்னல் வரைக்கும் வழிந்து வரும். நன்றாகப் பிடித்திருக்கும் பழைய லாப் சீலன்ட்டை உரிக்க வேண்டாம், கழுவிக் காயவைத்து அதன் மேலேயே புதியதை விடலாம். மேலே சீக்கிரம் ஆடை கட்டிவிடும், உள்ளே முழுக்க இறுக வாரக்கணக்கில் ஆகும். அதனால் ஏற்காட்டில் வைத்துச் செய்பவர்கள் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள், பனி விலகிக் கூரை காய்ந்த பிறகு முற்பகலில் செய்துகொள்ளுங்கள். மே மாதக் கோடை விழாக் கூட்டம் வருவதற்கு முன்னால் முடித்துவிடலாம்.

ஏசி மட்டும் விதிவிலக்கு. கூரை ஏசி சுமார் 14 அங்குலச் சதுர ஓட்டையில், தடித்த ஃபோம் கேஸ்கெட் மேல் உட்கார்ந்திருக்கும், உள்ளேயிருந்து நான்கு நீள போல்ட் பிடித்திருக்கும். சாலை அதிர்வில் அவை தளரும். உள்ளேயிருந்து நான்கையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாலே பல சமயம் ஒழுகல் நின்றுவிடும். வெளியே சுற்றிலும் சீலன்ட் பூசி அடைக்காதீர்கள், ஏசியிலிருந்து வடிகிற தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளே வரும்.

கடைசியாக, கூரையில் பிளைவுட் போட்டு முட்டி போடும்போது எங்கேயாவது அமுங்குகிறதா? அமுங்கினால் கீழே மரம் மக்கிவிட்டது என்று அர்த்தம், டேப்பெல்லாம் போதாது. அந்தப் பக்க ஷீட்டைக் கிளப்பிப் பலகையை மாற்ற வேண்டும். விற்றவரிடம் விலை பேசும்போதே பார்த்திருக்க வேண்டிய இடம் அதுதான். இதைப் படிக்கிற மற்றவர்களாவது காசு கொடுப்பதற்கு முன்னால் கூரையை ஒரு தரம் அமுக்கிப் பாருங்கள்.

கேள்வி: மகன் அமெரிக்காவில் அரிசோனாவில் இருக்கிறான். டிரெய்லர் வாங்கி வீட்டு முன்னால் நிறுத்தியிருக்கிறான், வருஷத்தில் கொஞ்ச நாள்தான் எடுக்கிறான். வெயிலுக்குத் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னேன், வேண்டாம் என்கிறான். கூரையில் சின்னச் சின்னக் கொப்புளம் இருக்கிறதாம், ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாமா?
— வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: உங்கள் மகன் சொல்வதுதான் சரிங்க. தார்ப்பாய் காற்றில் படபடத்துக்கொண்டே இருக்கும், கயிறும் ஓரமும் ஒரே இடத்தில் உரசி உரசி ரப்பரைத் தேய்த்துவிடும். மேலே கூரை போட்ட ஷெட் தான் எல்லாவற்றிலும் உத்தமம். அது இல்லாவிட்டால் காற்றுப் போகிற துணியில் தைத்த கேரவன் உறை அங்கே கிடைக்கும், கூர்மையான மூலைகளில் ஃபோம் வைத்துவிட்டுப் போட வேண்டும்.

சின்னக் கொப்புளத்தைக் குத்த வேண்டாம். பசை அங்கே விட்டிருக்கிறது, அவ்வளவுதான். குத்தினால் நல்ல ஷீட்டில் நீங்களே ஓட்டை போட்ட மாதிரி. வளர்ந்துகொண்டே போனாலோ, ஓரத்துக்குப் பக்கத்தில் இருந்தாலோ ஆளைக் கூப்பிட்டுக் காட்டட்டும். அந்த வெயிலில் ரப்பருக்கு முன்னால் போவது காற்றுப்போக்கியின் பிளாஸ்டிக் மூடி. மஞ்சளாகி, தட்டினால் நொறுங்குகிற பதத்துக்கு வந்திருக்கும். அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மொட்டை மாடிக்கு அடித்த வெள்ளை வாட்டர் ப்ரூஃப் பெயின்ட் பாதி டப்பா மீதி இருக்கிறது. கேரவன் ரப்பர் கூரைக்கு அடிக்கலாமா?
— வாசகர், ஓமலூர்

பதில்: வேண்டாம். அது சிமென்ட்டுக்குப் பிடிக்கிற பெயின்ட், ரப்பரில் பொருக்குப் பொருக்காக உரியும். ஈபிடிஎம்முக்கு என்றே டப்பாவில் எழுதிய கோட்டிங் வேறு. அதுவும் ஷீட் வெளிறிப்போன கூரைக்குத்தானே தவிர, பொருத்துகளில் ஒழுகலை வைத்துக்கொண்டு மேலே பூசுவதற்கு அல்ல.

கேள்வி: குரங்குத் தொல்லை. கூரை மேல் ஏறிச் சீலன்ட்டைப் பிய்த்துப் போடுகின்றன.
— வாசகி, ஏற்காடு

பதில்: விருந்தினர்கள் வண்டிக்குப் பக்கத்தில் தின்பண்டம் போடுவதை நிறுத்துங்கள், குப்பைத் தொட்டிக்குப் பூட்டு மூடி போடுங்கள், கூரைக்குத் தாவ வசதியாக இருக்கும் கிளையை வெட்டுங்கள். பிய்த்த இடத்தில் சீலன்ட்டுக்கு மேலே டேப்பையும் ஒட்டிவிட்டால் அவ்வளவு சுலபமாகப் பெயர்க்க முடியாது. முழுக்கத் தடுக்க எனக்குத் தெரிந்து வழியில்லை.

கேள்வி: கரூரில் பாடி கட்டுகிறவர்களிடம் புதிதாக ஒரு கேரவன் கட்டச் சொல்லலாம் என்று இருக்கிறேன். அமெரிக்க வண்டி மாதிரி ரப்பர் கூரை போடச் சொல்லட்டுமா?
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: அங்கே ரப்பர் போடுவதற்குக் காரணம், கனம் குறைவு, விலை குறைவு, முழுக் கூரைக்கும் நடுவில் ஒட்டே இல்லாமல் ஒரே அகலச் சுருளாக விரித்துப் பிளைவுட்டில் ஒட்டிவிடலாம். அங்கே அதற்கான சீலன்ட், டேப், வேலை தெரிந்த ஆள் எல்லாம் சுலபமாகக் கிடைக்கும். இங்கே நம் ஆட்கள் காலங்காலமாகப் பழகியது தகடு வேலை. அவர்களுக்குக் கை வந்த அலுமினியத் தகட்டையோ, ஒரே துண்டாக வார்த்த ஃபைபர் கூரையையோ போடச் சொல்லுங்கள் என்பதுதான் என் யோசனை. எதைப் போட்டாலும் கூரையில் ஓட்டைகளைக் குறையுங்கள். ஏசி ஒன்று, காற்றுப்போக்கி ஒன்று, அதற்கு மேல் ஸ்கைலைட், ஆன்டெனா என்று ஆசைப்படாதீர்கள்.

ரப்பர்தான் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால், ஷீட் வரவழைக்கும்போதே அதே கம்பெனியின் சீலன்ட்டையும் சேர்த்து வாங்குங்கள், டியூபில் காலாவதித் தேதி பார்த்து. பிளைவுட்டில் எழும்பி நிற்கும் ஆணி, ஸ்க்ரூ தலை ஒன்று விடாமல் அமுக்கிய பிறகுதான் ஷீட்டை விரிக்க வேண்டும், அந்த நேரத்தில் நீங்கள் பட்டறையில் நின்று பாருங்கள். வெட்டி எடுத்த மிச்ச ஷீட்டில் இரண்டு முழமாவது கேட்டு வாங்கி, சுருட்டி, வெயில் படாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பெரிதாகக் கிழிந்தால் ஒட்டுப் போட அதே ஷீட்தான் வேண்டும்.